பணி ஓய்வுக்கு முன் தனி ஜெபத்துக்கு உட்காருவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. வரும் மே மாதத்தோடு பணி ஓய்வு. ஒரே மகள் ஜூலையில் கணவரோடு கனடா போகிறாள். படுக்கையில் இருக்கும் மாமியாரை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடலாமா என்றும் ஒரு யோசனை. "தினமும் கர்த்தருடைய பாதத்தில் அமர்ந்திருங்கள், வரப்போகிற எல்லாவற்றுக்கும் அவர் உங்களை ஆயத்தப்படுத்துவார்" என்று போதகர் சொன்னார். அதை நம்பி விடியற்காலை 4 மணிக்கு எழுந்து உட்காருகிறீர்கள். தூக்கம் வருகிறது, தூக்கம் வராத நாளில் பணிக்கொடைக் கணக்கு வருகிறது. "என் ஜெபத்தில் என்ன குறை?" என்று முடித்திருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: நேரத்தை எப்படி உண்டாக்குவது, அந்த நேரத்தில் என்ன செய்வது, அப்படிச் செய்தால் இந்தப் பயம் போய்விடுமா. மூன்றாவதுதான் உங்களை எழுத வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் குருவானவரோ போதகரோ அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த பொதுநிலையினர். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் மற்றவர்களுக்குத் துணைநிற்பதற்கான பயிற்சி பெற்று, பல ஆண்டுகளாக அந்தப் பணியைச் செய்துவருகிறேன். தியானத்துக்கு வருகிறவர்களில் பெரும் பகுதியினர் உங்களைப் போன்றவர்கள்தான்: ஓய்வு பெறப்போகிறவர்கள், பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பியவர்கள், துணையை இழந்தவர்கள். உங்கள் சபை மரபு வேறு, என்னுடையது வேறு. ஆனாலும் இருவர் கையிலும் இருக்கும் வேதத்தில் பெரும் பகுதி ஒன்றே என்பதால் முடிந்தவரை அதிலிருந்தே பேசுகிறேன். நீங்கள் வாசித்துப் பழகிய பழைய மொழிபெயர்ப்பின் சொற்களையே பயன்படுத்துகிறேன்.

பயம் போய்விடுமா? போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசு ஜெபித்தார். ஜெபித்த பிறகு பயம் நீங்கிச் சிரித்த முகத்தோடு எழுந்தார் என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாகத் தரையில் விழுந்தது என்றுதான் லூக்கா எழுதுகிறார். ஆனால் எழுந்து நடந்தார். ஜெபம் அவருக்குக் கொடுத்தது அந்த நடையை. காலை ஜெபத்துக்கு நாம் வழக்கமாக மேற்கோள் காட்டும் மாற்கு 1:35-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். முந்தின நாள் மாலை கப்பர்நகூம் ஊரே வாசலில் கூடியிருந்தது. காலையில் சீமோன் தேடி வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். நல்ல பெயர் கிடைத்த ஊர், தேவைப்படுகிற மக்கள், அங்கேயே இருந்திருக்கலாம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். தன்னைத் தேடுகிற இடத்தைவிட்டுக் கிளம்பும் பலம் அந்தத் தனிமையில் கிடைத்திருக்கிறது. நாற்பது பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று தேடும் வகுப்பறையை விட்டுப் போகப்போகிறவர் வாசிக்க வேண்டிய பகுதி இது.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் உண்டு: எலியா தீர்க்கதரிசி. முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசிக்காமல் மெதுவாக வாசியுங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார். உடனே அவருக்குத் தரிசனம் கிடைக்கவில்லை, தூக்கம் கிடைக்கிறது. தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். மறுபடியும் தூங்குகிறார், மறுபடியும் சாப்பிடுகிறார். கர்த்தர் அவரோடு பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் வந்தது இதெல்லாம் முடிந்து, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. விடியற்காலை 4 மணிக்குத் தூங்கி விழுகிற ஆசிரியைக்கு முதல் ஆறுதல் இதிலேயே இருக்கிறது: பகல் முழுவதும் பள்ளி, இரவில் மாமியாருக்கு இரண்டு மூன்று முறை எழுந்து கவனிப்பு. அந்த உடம்பு கேட்பது தூக்கத்தை. தூங்கி எழுந்தால் அதுவும் கீழ்ப்படிதல்தான்.

அடுத்து, பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம். மெல்லிய சத்தத்துக்கு முன்பு "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்கப்படுகிறது. எலியா தன் முறையீட்டைச் சொல்கிறார். மெல்லிய சத்தத்துக்குப் பின்பும் அதே கேள்வி. எலியா அதே முறையீட்டை, ஏறக்குறைய சொல்லுக்குச் சொல், திரும்பச் சொல்கிறார். 10-ஆம் வசனத்தையும் 14-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய அனுபவத்துக்குப் பிறகும் அவருடைய மனநிலை இம்மியும் மாறவில்லை. ஆனாலும் அவருக்கு வேலை தரப்படுகிறது, அந்த வேலைகளில் ஒன்று தன் இடத்துக்கு எலிசாவை அபிஷேகம் செய்வது. போய்ச் சேரும்போது எலிசா ஏர் உழுதுகொண்டிருக்கிறான். எலியா தன் சால்வையை அவன்மேல் போடுகிறார். பணியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் காட்சி வேதத்தில் இதைவிடத் துல்லியமாக வேறெங்கும் இல்லை என்பது என் கருத்து. ஆகவே, "உட்கார்ந்து எழுந்த பிறகும் மனம் அப்படியே இருக்கிறது" என்பதை வைத்து உங்கள் ஜெபம் பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி என் பயிற்சியிலிருந்து. 1521 மே மாதம் பாம்பலூனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாரின் கால் நொறுங்கியது. அப்போது அவர் துறவியல்ல. பேரும் புகழும் தேடிய ஒரு ஸ்பானிய வீரர். லொயோலாவில் தன் குடும்பத்து மாளிகையில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்க வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும்தான். படிக்காத நேரத்தில் பகற்கனவு. ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் சாகசங்களைப் பற்றி மணிக்கணக்கில் கனவு காண்பார்; புனிதர்களைப்போல் வாழ்வதைப் பற்றியும் கனவு காண்பார். இரண்டுமே அந்த நேரத்தில் இனித்தன. கனவு கலைந்த பிறகுதான் வேறுபாடு: முதலாவது அவரை வறண்டவராக விட்டுப்போனது, இரண்டாவது மகிழ்ச்சியாக விட்டுப்போனது. ஒருநாள் அதைக் கவனித்தார். பின்னால் மன்ரேசாவில் கழித்த மாதங்களில் எழுதத் தொடங்கி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகள் என்ற சிறிய கையேட்டின் வித்து அந்தப் படுக்கையில் விழுந்தது. முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார்கூட 1534-இல் அந்தப் பயிற்சியைச் செய்துவிட்டுத்தான் பின்னர் கப்பல் ஏறினார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, தியானத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது, இதுதான்: வரப்போகும் மாற்றத்துக்கு ஆயத்தப்பட, வரப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், கழிந்த நாளைத் திரும்பிப் பாருங்கள். மே மாதத்தையும் ஜூலை மாதத்தையும் கண்முன் வைத்துக்கொண்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தால், ஜெபம் அரைமணி நேரக் கவலையாக மாறிவிடும். "ஆமென்" மட்டும்தான் கூடுதல். இன்று நடந்தது உங்கள் கையில் இருக்கிறது. அதில் எந்த நேரம் உங்களுக்கு உயிர் தந்தது, எந்த நேரம் உங்களை வறளச் செய்தது என்று தினமும் பார்க்கப் பழகியவருக்கு, எந்த மாற்றம் வந்தாலும் தன் மனம் எந்தப் பக்கம் சரிகிறது என்பது தெரியும். எதிர்காலத்துக்கான ஆயத்தமாக நான் கண்டது அந்த அறிவைத்தான்.

அதைச் செய்யும் முறை எளியது. கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்பார்கள். பாவங்களை எண்ணும் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இஞ்ஞாசியார் அதை நன்றியில்தான் தொடங்குகிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்குவதற்கு முன், பத்து நிமிடம் போதும். இன்று கிடைத்த ஏதாவது ஒன்றுக்கு நன்றி. அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை, எட்டாம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை இன்று கை தூக்கியது போதும். பிறகு, உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது. பிறகு காலையிலிருந்து மணி மணியாக நாளை நடந்து பார்ப்பது. எங்கே தடுக்கியதோ அங்கே மன்னிப்பு. கடைசியில் நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: உயிர் தந்தது எது, வறளச் செய்தது எது. அதற்கு மேல் எழுதாதீர்கள். ஆசிரியர்களுக்கு நோட்டைக் கண்டால் பாடக்குறிப்பு எழுதத் தோன்றும். மாதக் கடைசியில் அந்த வரிகளை வரிசையாக வாசித்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். பள்ளியை விட்டுப் போவதற்காக அழுவதாக நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு, அவர்களுக்கு உயிர் தந்தது பள்ளிக்கூடமே அல்ல, மதிய இடைவேளையில் சக ஆசிரியைகளோடு சாப்பிட்ட அரைமணி நேரம் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அது தெரிந்தால் ஜூன் மாதத்தில் எதைத் தேடிப்போக வேண்டும் என்பதும் தெரியும்.

நேரத்துக்கு வருவோம். 4 மணி என்பதில் தனிப் பரிசுத்தம் ஒன்றுமில்லை. உங்கள் நாளில் எந்த வேளையில் நீங்கள் விழிப்பாக இருக்கிறீர்களோ அதுவே வேளை. மாலை பள்ளிவிட்டு வந்து ஒரு காப்பி குடித்த பிறகு என்றால் அப்படியே இருக்கட்டும். இருபது நிமிடம் போதும். ஆனால் தினமும் ஒரே நேரம், ஒரே இடம். கட்டிலில் வேண்டாம், நாற்காலியில். கைப்பேசி அடுத்த அறையில். வேதாகமம் கைப்பேசியில்தான் இருக்கிறது என்பீர்கள்; அதைத் திறந்தவுடன் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு பத்து வசனங்கள் வந்து நிற்கும், அந்தப் பத்தும் சேர்ந்து நீங்கள் வாசிக்க நினைத்த ஒன்றை விழுங்கிவிடும். காகித வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்ஞாசியார் வீட்டையும் வேலையையும் விட்டு முப்பது நாள் ஒதுங்க முடியாதவர்களுக்கு, அன்றாட வேலைக்கு நடுவிலேயே தினம் ஒன்றரை மணி நேரம் என்று ஒரு வழி வகுத்திருக்கிறார். உங்களுக்கு இப்போது ஒன்றரை மணி நேரத்தை நான் சொல்ல மாட்டேன். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் அது யாரோ ஒருவரிடமிருந்து பிடுங்கிய நேரமாகத்தான் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் கேள்வியில் மகள் வருகிறாள், மாமியார் வருகிறார், போதகர் வருகிறார். கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் உங்களோடு இருந்தால், அந்த இருபது நிமிடம் அவருடைய தாயாரின் பக்கத்தில் அவர் உட்காரட்டும். நம் வீடுகளில் ஆண்கள் கண்மூடி ஜெபிக்கும்போது அடுப்பை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், குழந்தையை யாரோ தூக்கிக்கொள்கிறார்கள். பெண்கள் ஜெபிக்க வேண்டுமானால் மட்டும் ஊர் தூங்கும் நேரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அவர் இல்லை என்றால், அல்லது அவராலும் முடியாது என்றால், மாமியாருடைய அறையிலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் அவர் கூப்பிட்டால் எழுந்து போங்கள், திரும்பி வந்து விட்ட இடத்தில் உட்காருங்கள். அது தடை அல்ல. அந்த நாளின் ஜெபத்தில் ஒரு பகுதி.

உட்கார்ந்து என்ன செய்வது? இஞ்ஞாசியாரின் கையேட்டில் ஒரு சிறு குறிப்பு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஜெபிக்கப்போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நின்று, ஒரு கர்த்தருடைய ஜெபம் சொல்லும் நேரத்துக்கு, கடவுள் என்னை எப்படிப் பார்க்கிறார் என்று எண்ணிப்பார்க்கச் சொல்கிறார். அவ்வளவுதான், பிறகு உட்காரலாம். வேகமாக நடந்து வந்து நாற்காலியில் பொத்தென்று விழுபவர்களுக்கு அந்த அரை நிமிடம் செய்யும் வேலை கொஞ்சமல்ல. பிறகு ஒரு சிறு வேதபகுதி. அதிகாரம் அதிகாரமாக வாசிப்பதை வேறு நேரத்துக்கு வையுங்கள். 131-ஆம் சங்கீதத்தில் மூன்றே வசனங்கள். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்ற இடத்தில் ஒரு வாரம் தங்கலாம். பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை முதலில் எப்படி அழும் என்று உங்களுக்குத் தெரியும். அழுகை ஓய்ந்த பிறகு அது பாலுக்காக அல்லாமல் தாய்க்காகவே மடியில் கிடக்கும். எந்த இடத்தில் மனம் நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள், அடுத்ததற்கு ஓட வேண்டாம் என்பது இஞ்ஞாசியாரே சொல்வது. பகுதியை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இங்கே பாடத்திட்டம் கிடையாது.

பணிக்கொடைக் கணக்கு வருகிறது என்றீர்கள். வரத்தான் செய்யும். பணிப்பதிவேட்டில் (எஸ்.ஆர்.) ஏதோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறதோ, ஓய்வூதியக் கருத்துரு நேரத்துக்குப் போகுமோ என்ற பயம் விசுவாசக் குறைவு அல்ல. தாள்கள் மேசை மேசையாக நகரும் நாட்டில் அது வெறும் விவேகம். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். "எஸ்.ஆர். சரிபார்க்க" என்று இரண்டு சொல் எழுதிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். மறுநாள் அலுவலகத்தில் அதை உண்மையாகவே சரிபாருங்கள். ஒரே கவலை மூன்று நாள் தொடர்ந்து தாளில் ஏறினால், அது கவனச்சிதறல் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது, அதையே ஜெபமாக்குங்கள். கவலைக்கும் ஜெபத்துக்கும் நான் கண்ட ஒரே வேறுபாடு, ஜெபத்தில் பேச்சு ஒருவரை நோக்கிப் போகிறது என்பதுதான். "என்ன ஆகுமோ" என்பதை "ஆண்டவரே, என்ன ஆகுமோ" என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் அதேதான், ஆனால் நீங்கள் தனியாக இல்லை.

ஒன்றுமே நடக்காத நாள்கள் வரும், வாரங்கள்கூட வரும். அப்போது எழுந்து போகத் தோன்றும். அந்த நாள்களில் குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உட்காரச் சொல்கிறார் இஞ்ஞாசியார். இருபது நிமிடம் என்றால் இருபத்தொன்று. அந்த ஒரு நிமிடத்தின் பயன் ஜூன் மாதத்தில் தெரியும்: ஒன்றும் நடக்காத நேரத்தில் ஓடாமல் இருக்கப் பழகியிருப்பீர்கள். ஓய்வு பெற்றவர்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் துக்கம் அல்ல, காலை பத்தரை மணி.

பணி ஓய்வுக்கென்றே குறிப்பாக இரண்டு காரியங்கள். ஒன்று, உங்கள் மரபிலேயே இருக்கும் ஒரு செல்வம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் நடத்தத் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை மெதடிஸ்டுகள் வழியாக 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கும் வந்து சேர்ந்தது. பல சபைகளில் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கிறது. உங்கள் சபை எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. தென்னிந்தியத் திருச்சபையாக இருந்தால் அந்த ஜெபத்தைப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். உமக்காக என்னைப் பயன்படுத்தினாலும் சரி, உமக்காக என்னை ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற பொருளில் ஒரு வரி அதில் வரும். சபையாரோடு சேர்ந்து ஓட்டமாகச் சொல்லும்போது அது தைப்பதில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் தனியாக, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியில் வாய் நின்றுவிட்டால், நின்ற இடத்திலேயே இருங்கள். வரவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள். பொய்யாகச் சொல்லி முடிப்பதைவிட அது மேல்.

மற்றொன்று, எலியாவின் சால்வை. மே மாதக் கடைசி நாளன்று மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு மொத்தமாகக் கைவிடுவதற்குப் பதிலாக, இப்போதிருந்தே ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஆய்வகச் சாவியை ஒருவரிடம், இலக்கிய மன்றத்தை ஒருவரிடம், வருடக்கணக்காகச் சேர்த்த வினாத்தாள் கட்டுகளை ஒரு இளம் ஆசிரியையிடம். ஒவ்வொன்றையும் கொடுத்த அன்று இரவு நோட்டில் அதை எழுதுங்கள். கொடுத்த பிறகு அவர்கள் உங்கள் முறைப்படி செய்கிறார்களா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அதைத்தான் அன்றைய இரவு ஜெபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கையை விரிக்கும் பழக்கம் நாற்காலியில் மட்டும் வருவதில்லை.

மகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. விமான நிலையத்து அழுகைக்கு முன்கூட்டியே ஆயத்தமாக முடியும் என்று நான் நம்பவில்லை; ஆயத்தமாக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் "விசுவாசி அழக்கூடாது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்களுக்குக் குறைவில்லை. 88-ஆம் சங்கீதம் ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். 71-ஆம் சங்கீதத்தில் "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும்" என்று ஒருவர் கெஞ்சுகிறார். அந்தச் சொற்கள் உங்கள் வாய்க்காகவே எழுதப்பட்டவை. கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்கும் கேள்வியில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். இஞ்ஞாசியாரின் விதிகளில் மிகவும் பயன்பட்டதாக நான் கண்டது இது: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதீர்கள். இப்போது நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வீட்டை விற்றுப் போனால் மாமியாரை எங்கே விடுவது என்ற கேள்வியே அதில் எழவில்லை. அது ஒரு யோசனையின் குரலைவிட ஓடிப்போகத் துடிக்கும் குரலாக எனக்குக் கேட்கிறது. முன்பின் அறியாதவனின் ஊகம் இது, தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் காத்திருப்பதில் நட்டமில்லை. மகள் கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றுவிட்டால், பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரே முறையில் 5 ஆண்டுவரை தங்கலாம். ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்கலாம். அதற்கு வீட்டை விற்க வேண்டியதில்லை. பணத்தைப் பற்றியும் குடியேற்றத்தைப் பற்றியும் இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

தேவசித்தத்தை எப்படி அறிவது என்பதில் உறுதியானது குறைவு, சந்தேகத்துக்குரியது அதிகம். "ஜெபித்தேன், சமாதானம் வந்தது, ஆகவே இதுதான் சித்தம்" என்பது நம்மிடையே பெருவழக்கு. சமாதானம் நல்ல அடையாளந்தான், ஆனால் அது மட்டும் போதாது. எந்த முடிவையும் எடுத்துவிட்டால், எடுத்துவிட்டோம் என்பதாலேயே ஓர் இளைப்பாறல் வரும். வீட்டை விற்கிறேன் என்று முடிவெடுத்த இரவும் நிம்மதியாகத் தூக்கம் வரும். அதனால்தான் ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார்: நன்றாகத் தொடங்கியது போகப்போக உங்களைக் கலங்கச் செய்து, செய்ய வேண்டிய கடமையிலிருந்து விலக்கினால், எங்கோ பிசகு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த வசனம் ஒரு வருடம் ஒருவரைத் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வைத்து வீட்டை விற்காதீர்கள். அதைவிட, கையேட்டில் உள்ள ஓர் எளிய வழியைக் கையாளுங்கள்: முன்பின் பார்த்திராத ஒரு பெண் இதே நிலைமையோடு உங்களிடம் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதைத் தாளில் எழுதுங்கள். பிறகு அதை உங்களுக்கே வாசியுங்கள்.

ஓர் எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரங்களாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வந்தால், அது ஜெபத்தால் மட்டும் தீர்க்க வேண்டிய விஷயம் அல்ல, மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416; தமிழிலும் பேசலாம். சிலருக்கு அமைதியாக உட்காருவதே பழைய காயங்களைக் கிளறிவிடும். உட்கார உட்காரக் கலக்கம் கூடுகிறது என்றால் நேரத்தைக் குறையுங்கள், கண்ணைத் திறந்துகொண்டு சத்தமாகச் சங்கீதம் வாசியுங்கள், அல்லது நடந்துகொண்டே ஜெபியுங்கள். அதைக் கடைசிவரை தாங்கியாக வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை.

எங்கே தொடங்குவது என்றால், இன்றிரவு அந்த இரண்டு வரி நோட்டோடு. அதை மட்டும் இரண்டு வாரம் செய்துவிட்டு, பிறகு இருபது நிமிட நாற்காலியைச் சேருங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டும் நிற்காது. தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் சபையிலேயே நான்கைந்து ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இருப்பார். மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். அவர் ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நோட்டிலிருந்து வாசிப்பதை அவர் கேட்டால் போதும். முதல் முறை போகும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஓய்வு பெற்ற ஆண்டு, ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலை பத்தரை மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று.